இரண்டு கிராமங்கள், ஓர் எழுத்து

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு மாநாட்டில் அரங்கம் நிறைய மேசைகள் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் ஓர் ஊரின் பெயரை எழுதி வைக்கிறார்கள். ஃப்ராங்க், வால்டர், நோர்கா, பால்சர் என்று பெயர்கள் வரிசையாகப் போகும். அந்தப் பெயர்களோடு அந்த ஊர்களை இன்றைய ரஷ்ய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. பால்சர் இப்போது க்ராஸ்னோஅர்மெய்ஸ்க். மற்ற ஊர்களும் ரஷ்யப் பெயர்களுக்கு மாறிவிட்டன. அவற்றை உருவாக்கி, உழுது, தேவாலயம் எழுப்பி, ஆறேழு தலைமுறைகள் வாழ்ந்த வோல்கா நதிக்கரை ஜெர்மானியர்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டிப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் 1941இல் ஒரே ஆணையால் வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். ஊர் போய்விட்டது. ஆனால் ஊரின் பெயரால் கூடுவது நிற்கவில்லை.

இந்தக் கூடுகையை நடத்துவது, ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியரின் அமெரிக்க வரலாற்றுச் சங்கம். 1968இல் கொலராடோ மாநிலத்தின் க்ரீலி நகரில் தொடங்கிய இந்தச் சங்கத்தின் தலைமையகம் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இருக்கிறது. ஒவ்வொரு மூல ஊருக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவ்வூரில் வாழ்ந்த குடும்பங்களின் வம்சாவளியைத் திரட்டி, சரிபார்த்து, கேட்பவருக்கு எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விவசாயிகள், எழுத்தர்கள். சம்பளம் எதிர்பார்க்காமல் பல்லாண்டுகளாக இதைச் செய்கிறவர்கள்.

அமெரிக்கப் பயணத்தின் இடையே அத்தகைய ஒரு கூடுகையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே யாரைச் சந்தித்தாலும் முதலில் எழும் கேள்வி, “உங்கள் ஊர் எது?” என்பதுதான். ஒரு மேசையில் முதியவர் ஒருவர் நீளமான தாள் சுருளை விரித்து, இரண்டு முனைகளிலும் புத்தகங்களை வைத்து அழுத்தினார். ஜெர்மானிய வழக்கப்படி பிறப்புக்கு ஒரு நட்சத்திரம், மணத்துக்குப் பிணைந்த இரண்டு வளையங்கள், இறப்புக்கு ஒரு சிலுவை. மேலே 1767ஆம் ஆண்டு. கீழே வரவர பெட்டிகள் பெருகி, எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. ஒரே குடும்பப் பெயர் பத்து இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. “பக்கத்துத் தெருவுக்குள்ளேயே பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள். அதனால் ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர். ஆளாளுக்குப் பட்டப்பெயர் வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்” என்றார் அவர்.

பக்கத்து அறையில் முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட ரொட்டியின் மணம். இந்த ரொட்டிக்கு நெப்ராஸ்காவில் ‘ரன்ஸா’ என்று பெயர். லிங்கனில் 1949இல் தொடங்கிய ஒரு உணவகத் தொடர் இதே பெயரில் இன்றும் இதை விற்கிறது. அரங்கின் மூலையில் ஒருவர் சந்தூரின் உறவுக் கருவியான கம்பி வாத்தியத்தை இரண்டு மெல்லிய மரக்குச்சிகளால் தட்டி வாசித்துக்கொண்டிருந்தார். கொலராடோவில் குடியேறிய வோல்கா ஜெர்மானியர் இந்தக் கருவியோடு அக்கார்டியனையும் டிராம்போனையும் சேர்த்து ‘டச் ஹாப்’ என்ற நடன இசையையே வளர்த்திருக்கிறார்கள்.

உணவும் இசையும் எந்தக் கூடுகையிலும் இருப்பவை. என்னை நிறுத்திவைத்தது அந்தத் தாள் சுருள்தான். யாருக்கு யார் பிறந்தார், எந்த ஊரில், எந்த ஆண்டு என்று அன்பினால் சேர்த்துவைத்த இத்தகைய விவரங்கள்தாம், உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோரை வாட்டும் ஒரு நோயின் வேர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க அறிவியலுக்குக் கைகொடுத்தன.

பேரரசியின் அழைப்பு

கதை 1763இல் தொடங்குகிறது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் பிறப்பால் ஜெர்மானியர், ஷ்டெட்டினில் பிறந்தவர். வோல்கா நதியின் கீழ்ப்பகுதியில் பரந்து கிடந்த புல்வெளிகளை உழுது பண்படுத்த அவருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வெளிநாட்டவரை அழைத்து அந்த ஆண்டு ஜூலையில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். நிலம் இலவசம், 30 ஆண்டுவரை வரி இல்லை, மத வழிபாட்டில் தலையீடு இல்லை, ராணுவச் சேவை கிடையாது என்று அது வாக்களித்தது.

அதே ஆண்டில்தான் ஏழாண்டுப் போர் ஓய்ந்திருந்தது. ஹெஸ்ஸ, பலாட்டினேட் முதலிய ஜெர்மானியப் பகுதிகள் போரிலும் வரியிலும் நொறுங்கிக் கிடந்தன. ஏறத்தாழ 30,000 பேர் கிளம்பினார்கள். லூபெக் துறைமுகத்தில் கப்பலேறி, பால்டிக் கடல் கடந்து, பிறகு ஆற்றுவழியாகவும் வண்டிகளிலும் சராத்தவ் நகரை எட்ட பலருக்கு ஓராண்டுக்குமேல் ஆனது. வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1764இலிருந்து 1767க்குள் வோல்காவின் இரு கரைகளிலும் நூற்றுக்கும் சற்று அதிகமான கிராமங்கள் எழுந்தன. மேற்குக் கரையில் மெத்வெதித்சா ஆற்றை ஒட்டிய பகுதியில் 1767இல் உருவானவை ஃப்ராங்க், வால்டர் என்ற இரண்டு அண்டை ஊர்கள். இந்த இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு கிராமமும் பெரும்பாலும் ஒரே கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்ததாக இருந்தது. லூத்தரன் ஊர், சீர்திருத்தச் சபை ஊர், கத்தோலிக்க ஊர் எனப் பிரிந்தே குடியேறினார்கள். சுற்றியிருந்த ரஷ்யர்களோடு மண உறவு அரிது. வேறு பிரிவைச் சேர்ந்த ஜெர்மானியரோடும் அரிது. ஆக, சில நூறு பேரில் தொடங்கிய ஓர் ஊர் நூறாண்டுகளில் பல ஆயிரமாகப் பெருகினாலும், புது ரத்தம் ஏறக்குறைய வரவேயில்லை.

மொழிக்கு ஒரு சோதனைச்சாலை

இப்படித் தனித்து வாழும் கூட்டத்தில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் கவனித்தவர்கள் மொழியியலாளர்கள். பல வட்டார வழக்குகளைப் பேசியவர்கள் ஒரே ஊரில் வந்து குடியேறினார்கள். இரண்டு மூன்று தலைமுறைகளில் அவை கலந்து ஊருக்கொரு பேச்சாகத் திரண்டன. தாய்நாட்டில் பல நூற்றாண்டுகள் எடுத்திருக்கக்கூடிய கலப்பு இங்கே சில பதிற்றாண்டுகளில், தேதி தெரிந்த தொடக்கத்தோடு, கண்முன்னே நடந்தது. ரஷ்ய மொழியியலாளர் விக்டர் ஷிர்முன்ஸ்கி, ரஷ்யப் பேரரசில் இருந்த ஜெர்மன் குடியிருப்புகளை மொழி ஆய்வின் சோதனைச்சாலை என்றே கருதினார்.

வோல்கா கரையில் பிறந்த கேயோர்க் டிங்கெஸ் 1925 முதல் 1929 வரை ஊர் ஊராகத் தகவல் திரட்டி, எந்தச் சொல்லை எந்த ஊர் எப்படி உச்சரிக்கிறது என்று பதிந்தார். 1930இல் அவரைக் கைது செய்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். 1932இல் அங்கேயே இறந்தார். அவர் சேர்த்த தாள்கள் பிழைத்தன. 1997இல் ஜெர்மனியில் அவை வோல்கா ஜெர்மன் மொழி நிலப்படத் தொகுப்பாக அச்சாயின.

டிங்கெஸின் மாணவர் அந்திரேயாஸ் டுல்சன் 1941இல் தோம்ஸ்க் நகருக்கு நாடுகடத்தப்பட்டார். சொந்த மொழியை ஆராயும் வாய்ப்பைப் பறிகொடுத்த அவர், யெனிசெய் நதிக்கரையில் மிகச் சிலரே பேசும் கெட் மொழியை ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வுக்காக 1971இல் சோவியத் அரசே அவருக்கு நாட்டின் உயரிய பரிசு ஒன்றை வழங்கியது. தன் ஊரை இழந்த ஒரு மனிதர், அழிந்துகொண்டிருந்த இன்னொரு சிறு இனத்தின் மொழியை உலகுக்குக் காட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கோதுமையும் முட்செடியும்

1871இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் குடியேறிகளின் சிறப்பு உரிமைகளை நீக்கினார். 1874இல் கட்டாய ராணுவச் சேவையும் வந்தது. கேத்தரினின் வாக்குறுதியை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா, கொலராடோ, கனடா, அர்ஜென்டினா, பிரேசில் எனப் பரவினார்கள். ஃப்ராங்க், நோர்கா ஊர்க்காரர்கள் பலர் லிங்கன் நகரின் தாழ்வான பகுதிகளில் வீடு கட்டினார்கள். கோடையில் குடும்பத்தோடு ரயிலேறி சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்குக் கூலிவேலைக்குப் போனார்கள்.

மனிதர் இடம்பெயரும்போது தாவரங்களும் கூடவே வருகின்றன. தென்ரஷ்யாவில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜெர்மானியர் 1874இல் கான்சாஸுக்கு வந்தபோது ‘டர்க்கி ரெட்’ என்ற குளிர்காலக் கோதுமையைக் கொண்டுவந்தார்கள். இலையுதிர்காலத்தில் விதைத்து, பனியில் கிடந்து, அந்தக் குளிரை உணர்ந்த பிறகே பூக்கும் வகை இது. வறட்சியும் கடுங்குளிரும் மாறிமாறி வரும் கான்சாஸ் சமவெளிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநிலக் கோதுமை வயல்களில் பெரும்பகுதியை அதுவே பிடித்திருந்தது.

அழைக்காமல் வந்த செடியும் உண்டு. 1870களில் ரஷ்யாவிலிருந்து டகோட்டாவுக்கு வந்த ஆளி விதையோடு ஒரு முட்செடியின் விதை கலந்திருந்தது. முதிர்ந்ததும் இச்செடி தண்டின் அடியில் முறிந்து, பந்துபோல் உருண்டு, காற்று போகும் திசையெல்லாம் விதையைச் சிதறவிடும். பெரிய செடி ஒன்றில் 2 லட்சம் விதைகளுக்குமேல் இருக்கலாம். சுமார் 20 ஆண்டுகளில் அது மேற்குக் கரைவரை போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் கௌபாய் திரைப்படங்களில் வெறிச்சோடிய தெருவில் உருளும் அந்த உலர்ந்த புதர், அசல் அமெரிக்கச் செடியே இல்லை.

தெரிந்து கொண்டுவந்தது கோதுமை. தெரியாமல் வந்தது முட்செடி. அவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர்களுக்கே அது தெரிய நூறாண்டுக்குமேல் ஆனது.

போகாதவர்களுக்கு நேர்ந்தது

அதற்குமுன், வோல்கா கரையிலேயே தங்கிவிட்டவர்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1921–22இன் பெரும் பஞ்சம் அவர்களைச் சூறையாடியது. அமெரிக்காவில் இருந்த உறவினர்கள் நிவாரணச் சங்கம் அமைத்துப் பணம் அனுப்பினார்கள். 1924இல் சோவியத் ஆட்சியில் வோல்கா ஜெர்மானியருக்கெனத் தன்னாட்சிக் குடியரசு உருவானது. 1941 ஜூனில் ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்தது. ஆகஸ்ட் 28 அன்று வெளியான ஆணை வோல்கா ஜெர்மானியர் அனைவரையும் எதிரிக்கு உளவு பார்ப்போர் என்று குற்றம்சாட்டி, நாடுகடத்த உத்தரவிட்டது.

சில வாரங்களில் ஏறத்தாழ 4 லட்சம் பேரைச் சரக்கு ரயில்களில் ஏற்றி கஜகஸ்தானுக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பினார்கள். அறுவடைக்கு நின்ற வயலையும் தொழுவத்தில் கட்டியிருந்த மாட்டையும் அப்படியே விட்டுப்போனார்கள். அடுத்து ‘உழைப்புப் படை’ என்ற பெயரில் ஆண்களையும் பெண்களையும் சுரங்கத்துக்கும் காட்டுக்கும் பிரித்து அனுப்பினார்கள். 1955 டிசம்பரில் சிறப்புக் குடியிருப்புக் கட்டுப்பாடு நீங்கியது. ஆனால் சொந்த ஊருக்குத் திரும்பவோ, விட்டுவந்த சொத்தைக் கேட்கவோ உரிமை தரவில்லை. 1964இல்தான் அந்த ஒட்டுமொத்தக் குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று அரசு ஒப்புக்கொண்டது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அங்கிருந்த ஜெர்மானியரும் அவர்தம் குடும்பத்தாருமாக 20 லட்சத்துக்கும் அதிகமானோர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தனர். ஒவ்வோர் ஆகஸ்ட் 28ஆம் தேதியும் அவர்களுக்கு நினைவு நாள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் மாநாட்டு மேசைகளின் கனம் புரியும். பெயரும் பதிவேடும் தவிர வேறெதுவும் மிஞ்சாத மக்கள் அவற்றை உயிராகக் காப்பதில் வியப்பில்லை.

ஐந்து குடும்பங்கள், ஒரே மறதி

சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பேர்ட், தலைமுறை தலைமுறையாக அல்சைமர் நோய் தொடரும் குடும்பங்களை ஆராய்ந்துவந்தார். பொதுவாக 65 வயதுக்குப் பிறகே தலைகாட்டும் இந்நோய் சில குடும்பங்களில் ஐம்பதுகளிலேயே, சிலரிடம் நாற்பதுகளிலேயே தொடங்கியது. தந்தைக்கு, அத்தைக்கு, அண்ணனுக்கு என்று அடுத்தடுத்து வந்தது.

அவருடைய குழு ஆராய்ந்த குடும்பங்களில் ஒன்றுக்குமேல் வோல்கா ஜெர்மானிய வழித்தோன்றல்களாக இருந்தன. மூதாதையர் எந்த ஊர் என்று கேட்டபோது அக்குடும்பங்களால் பதில் சொல்ல முடிந்தது. அமெரிக்காவில் குடியேறிய எத்தனையோ குடும்பங்கள் மூன்று தலைமுறைக்குள் மூல ஊரின் பெயரை மறந்துவிடுகின்றன. இவர்கள் மறக்கவில்லை. விசாரித்துக்கொண்டே போனதில் இரண்டு பெயர்கள் மட்டுமே திரும்பத் திரும்ப எழுந்தன: ஃப்ராங்க், வால்டர்.

1988இல் பேர்டும் சகாக்களும் ஐந்து குடும்பங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். 1760களில் அந்த இரு கிராமங்களுக்கும் குடியேறிய சிறு கூட்டத்தில் யாரோ ஒருவர் சுமந்துவந்த மரபணுப் பிறழ்வுதான் இத்தனை குடும்பங்களிலும் பரவியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். மரபியலில் இதை ‘நிறுவனர் விளைவு’ என்கிறார்கள். ஒரு பெரிய மக்கள்தொகையில் ஆயிரத்தில் ஒருவரிடம்கூட இல்லாத ஓர் அரிய பிறழ்வு, தற்செயலாக ஐம்பது அறுபது குடும்பங்கள் கொண்ட ஒரு சிறு கூட்டத்தில் இடம்பெற்றுவிடுகிறது. அந்தக் கூட்டம் தனித்து வாழ்ந்து, தனக்குள்ளேயே மணந்து, பல மடங்கு பெருகும்போது பிறழ்வும் கூடவே பெருகுகிறது. இதில் யாருடைய தவறும் இல்லை. எந்தக் கூட்டத்தில் யார் வண்டியேறினார்கள் என்ற தற்செயல்தான் காரணம்.

1995இல் பலன் கிட்டியது. அந்த ஆண்டு ஜூனில், வேறொரு ஆய்வுக்குழு 14ஆம் குரோமோசோமில் அல்சைமரோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடித்திருந்தது. வோல்கா குடும்பங்களின் நோய்க்கோ 14ஆம் குரோமோசோம் காரணமில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. புதிய மரபணுவின் வரிசையை ஒத்த இன்னொன்று வேறெங்கேனும் உண்டா என்று தேடியதில், 1ஆம் குரோமோசோமில் ஒன்று அகப்பட்டது. அதே நேரத்தில் வோல்கா குடும்பங்களின் நோய் 1ஆம் குரோமோசோமோடு பிணைந்து இறங்குகிறது என்பதும் உறுதியானது. எஃப்ராத் லெவி-லஹாத், எல்லன் வைஸ்மன், ஜெரார்ட் ஷெல்லன்பெர்க், பேர்ட் ஆகியோர் அடங்கிய குழு ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டது. ப்ரிசெனிலின்-2 என்று இன்று நாம் அழைக்கும் மரபணு அதுதான்.

300 கோடியில் ஒன்று

மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இக்குடும்பங்களில் மாறியிருந்தது ஒரே ஓர் எழுத்து. அடினைன் இருக்கவேண்டிய இடத்தில் தைமின். அதன் விளைவாக, 448 அமினோ அமிலங்கள் கோத்த ப்ரிசெனிலின்-2 புரதத்தின் 141ஆம் இடத்தில் அஸ்பராஜின் வராமல் ஐசோலியூசின் வந்து அமர்கிறது.

இந்த ஒரு மாற்றம் எப்படி ஒருவரின் நினைவையே கரைக்கிறது? ப்ரிசெனிலின், காமா-செக்ரிடேஸ் என்ற நொதிக் கூட்டின் வெட்டும் பகுதி. செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு நீண்ட புரதத்தை அது துண்டாக்குகிறது. துண்டுகளில் பெரும்பாலானவை 40 அமினோ அமில நீளம் கொண்டவை. அவை எளிதில் கரைந்து வெளியேறும். சிறு பங்கு மட்டும் 42 நீளம் கொண்டது. அது ஒட்டும் தன்மையுடையது. பிறழ்ந்த நொதி, வெட்டும் இடத்தைச் சற்றே பிசகிவிடுகிறது. 42 நீளத் துண்டின் விகிதம் உயர்கிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டி, நரம்பு செல்களுக்கு இடையே அமிலாய்டு படிவுகளாகச் சேர்கின்றன. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி ட்யூபிங்கனில் பேசியபோது விவரித்த படிவுகள் இவைதாம். அவற்றோடு செல்லுக்குள்ளே டவ் என்ற புரதம் முறுக்கிக்கொள்ள, நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன.

பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. வந்துவிட்டால் நோய் ஏறத்தாழ நிச்சயம். ஆனால் எப்போது என்பது நிச்சயமில்லை. சிலருக்கு 40 வயதில், சிலருக்கு 75 வயதில். ஒரே எழுத்துப் பிழையைச் சுமக்கும் உடன்பிறப்புகளுக்கிடையே ஏன் இத்தனை இடைவெளி என்ற கேள்வி ஆய்வாளர்களைப் பெரிதும் ஈர்க்கிறது. நோயைத் தள்ளிப்போடும் ஏதோவொன்று அந்த இடைவெளியில் ஒளிந்திருக்கக்கூடும்.

சுருங்கும் நாடா

ஐந்து குடும்பங்களிலும் இருப்பது ஒரே மூதாதையின் பிழைதான் என்று எப்படித் துணிந்து சொல்ல முடிகிறது? தனித்தனியே அதே பிழை நேர்ந்திருக்கக் கூடாதா? விடை, பிழையின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு தலைமுறையிலும் தாயிடமும் தந்தையிடமும் இருந்து வந்த குரோமோசோம்கள் தம் பகுதிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்கின்றன. ஒரு பிறழ்வு தோன்றும்போது அதைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசை இருக்கும். அதை ஒரு நீண்ட நாடா என்று கொள்ளலாம். தலைமுறைக்குத் தலைமுறை அந்த நாடா இரு பக்கமும் கத்தரிபட்டுக் குறுகிக்கொண்டே வரும். பிறழ்விலிருந்து ஒரு தலைமுறையில் 1 சதவீதம் பிரியும் தொலைவில் உள்ள ஓர் அடையாளம், 10 தலைமுறைக்குப் பிறகும் ஒட்டியிருக்க 90 சதவீத வாய்ப்புண்டு. 5 சதவீதத் தொலைவில் இருந்தால் 60 சதவீதம். 20 சதவீதத் தொலைவில் இருந்தால் வெறும் 11 சதவீதம். 1767க்கும் 1995க்கும் இடையே ஏறத்தாழ 9 தலைமுறைகள். அதாவது, ஒரே மூதாதையிடமிருந்து வந்ததென்றால் பிறழ்வுக்கு மிக அருகில் உள்ள வரிசை குடும்பங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தள்ளிப் போகப்போக வேறுபட வேண்டும். அப்படியேதான் இருந்தது.

2010இல் இதற்கு ஓர் அழகான தொடர்ச்சி கிடைத்தது. வோல்காவுக்கே போகாத ஒரு ஜெர்மன் குடும்பத்தில், ஹெஸ்ஸ பகுதியின் ஃபுல்டா வட்டாரத்தோடு வேர்கொண்டவர்களிடம், அதே பிறழ்வும் அதே அக்கம்பக்க வரிசையும் தென்பட்டன. ஆகவே பிழை வோல்கா கரையில் பிறக்கவில்லை. 1760களில் வண்டி கட்டியவர்களுக்கு முன்பே அது ஹெஸ்ஸவில் இருந்திருக்கிறது. தேவாலயப் பதிவேடுகளும் கப்பல் பட்டியல்களும் சொன்ன அதே பயணவழியை ஒரு மூலக்கூறு தன்பாட்டில் உறுதிசெய்தது. ஆவணமும் உடலும் ஒரே வரலாற்றைச் சொன்ன அந்த இடம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது.

கொடுத்தவர்கள்

அல்சைமர் நோயாளிகளில் இப்படி ஒற்றை மரபணுவால் நோய் பெறுவோர் 1 சதவீதத்துக்கும் குறைவு. வோல்கா ஜெர்மானிய வழியினரிலும் மிகப் பெரும்பாலோரிடம் இந்தப் பிறழ்வு இல்லை. ஆனால் இந்தச் சிறு கூட்டம் கற்றுக்கொடுத்தது அனைவருக்கும் பயன்பட்டது. உலகில் மறதிநோயோடு வாழ்வோர் 5.5 கோடிக்கும் அதிகம். அவர்களில் 60 முதல் 70 சதவீதத்தினருக்கு அல்சைமர். பிறழ்வு உள்ளவர்களை நோய் வருமுன்பே ஆண்டுக்கணக்கில் பின்தொடர முடிந்ததால்தான், அறிகுறி தெரிவதற்குச் சுமார் 15 ஆண்டுக்கு முன்பே மூளையில் அமிலாய்டு படியத் தொடங்குகிறது என்பது 2012இல் தெளிவானது. அமிலாய்டைக் குறிவைக்கும் லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது. நோயைக் குணமாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதன் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. அந்த இடத்துக்கு வந்துசேர்ந்த பாதையில் ஃப்ராங்க், வால்டர் குடும்பங்களின் ரத்தமும் வம்சாவளித் தாள்களும் இருக்கின்றன.

அவர்களுக்கு இது எளிதாக இருக்கவில்லை. தாயையோ தந்தையையோ இந்நோயால் இழந்த ஒருவர், தனக்கும் அது வருமா என்று சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமலும் இருக்கலாம். பலர் அறியாமல் வாழ்வதையே தேர்ந்தெடுக்கிறார்கள். முடிவைத் தமக்குச் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு ரத்தம் கொடுத்து ஆய்வுக்கு உதவுகிறவர்களும் உண்டு. 2008இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், மரபணு விவரத்தைக் காட்டி வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ மறுக்கக் கூடாது என்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கும் முதுமைக்கால நெடும்பராமரிப்புக் காப்பீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. முன்பொரு காலத்தில் இன அடையாளத்தின் பெயரால் பட்டியலிடப்பட்டு நாடுகடத்தப்பட்ட மக்களின் உறவினர்கள், தங்கள் உடலின் ரகசியத்தை நம்பி ஒப்படைத்தது சாதாரணச் செயலாக எனக்குத் தோன்றவில்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு

நிறுவனர் விளைவு தொலைவில் நடக்கும் அதிசயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோர் பங்குபெற்ற குழு 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட இனக்குழுக்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 குழுக்களில் நிறுவனர் விளைவு, அதற்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட வலுவாக இருந்தது. பல நூற்றாண்டுகளாகத் தத்தம் வட்டத்துக்குள்ளேயே மணந்ததன் தடயம் அது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் வாழும் ஒரு வணிகச் சமூகத்தில், அறுவைச் சிகிச்சையின்போது தரும் தசைத் தளர்வு மருந்து ஒன்றை உடைக்கும் நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். முன்பே தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார். தெரியாவிட்டால் நோயாளி மூச்சுவிட முடியாமல் நீண்ட நேரம் கிடக்க நேரிடும்.

நம் வீடுகளில் குலதெய்வமும் பூர்வீக ஊரும் தெரியும். கொள்ளுத்தாத்தா எந்த நோயால், எத்தனை வயதில் இறந்தார் என்பது பெரும்பாலும் தெரியாது. “வயதாகிப் போய்ச் சேர்ந்தார்” என்பதோடு நின்றுவிடுகிறோம். குடும்பத்தில் நோய் இருப்பதை வெளியே சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயமும் வாயை அடைக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. மரபணு விவரத்தை வைத்து ஒருவரையோ ஒரு சமூகத்தையோ ஒதுக்குவதைத் தடுக்கும் வலுவான சட்டம் நமக்கும் வேண்டும். அதே நேரத்தில், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து, யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பதற்குச் சட்டமும் ஆய்வகமும் தேவையில்லை. ஒரு பின்மாலைப் பொழுது போதும்.

வோல்கா ஜெர்மானியர் தங்கள் பதிவேடுகளைச் சேர்த்தது அறிவியலுக்கு உதவும் என்று எண்ணியா? யாரும் தம் முன்னோரை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்த்தார்கள். மறதியை எதிர்த்து அவர்கள் எழுதிவைத்த அந்தப் பெயர்களின் வழியாகவே, மறதியை நோயாகத் தரும் ஒரு பிழையை மனிதகுலம் கண்டறிந்தது. யாருக்கு எப்போது பயன்படும் என்று தெரியாமலே உண்மையைக் கவனமாகக் குறித்துவைப்பவர்களை நம்பித்தான் அறிவியல் நடக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள்.